‘தானே கற்றவர்’ என்னும் கருத்தாக்கம்: ஜேம்ஸ் குரோலின் வாழ்வும் காலநிலைக் கொள்கையும் பற்றிய ஒரு நோக்கு

1

பத்தொன்பதாம் நூற்றாண்டு ஐரோப்பிய அறிவியலாளரின் வாழ்க்கை வரலாறுகளை நோக்குமிடத்து, ‘தானே கற்றவர்’ என்னும் தொடர் அடிக்கடி எதிர்ப்படுவதைக் காணலாம். இத்தொடர் பெரும்பாலும் பாராட்டாகவே வழங்கப்படுகின்றது. வறுமையிற் பிறந்து, பள்ளிக் கல்வியை இடையிலே விட்டு, கைத்தொழிலால் வயிறு வளர்த்து, ஈற்றில் அறிஞர் அவையில் இடம்பெற்ற ஒருவரை இது நம் கண்முன் நிறுத்துகின்றது. ஆனால் தனி மனிதர் ஒருவரைப் பற்றிய விவரணமாகத் தோன்றும் இத்தொடர், சற்று ஆழ்ந்து நோக்கின், அவர் வாழ்ந்த சமூகத்தைப் பற்றிய கூற்றாகவே அமைகின்றது. ஒருவர் தாமே கற்க நேர்ந்தது எனின், அவருக்குக் கற்பிக்கச் சமூகம் முன்வரவில்லை என்பதே அதன் மறுபொருளாகும்.

இக்கருத்தைப் பரிசீலிப்பதற்கு ஸ்கொட்லாந்தைச் சேர்ந்த ஜேம்ஸ் குரோலின் (1821–1890) வாழ்வு மிகப் பொருத்தமான சான்றாகும். வானியலையும் காலநிலை ஆய்வையும் ஒன்றிணைத்து, பூமியின் பனிக்கட்டிக் காலங்களுக்கு விரிவான காரண விளக்கம் ஒன்றை உருவாக்கியவர் அவர். அவரது தன்வரலாற்றுக் குறிப்பு, ஜே. கம்பல் அயன்ஸ் எழுதிய வாழ்க்கைச் சரிதத்தோடு சேர்ந்து 1896 இல் நூலாக வெளிவந்தது. அதன் பின்னர் அவரைப் பற்றி எழுந்த அறிமுகக் குறிப்புகள் பலவும், கல்லூரிக் காவலாளி ஒருவர் பேரறிஞரான வியத்தகு கதையாகவே அவ்வாழ்வைச் சுருக்கிக் கூறுகின்றன. அக்கதை பொய்யன்று, ஆயின் முழுமையானதுமன்று. அது எதனைக் கூறுகிறது, எதனைக் கூறாது விடுகிறது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2

குரோல் 1821 ஆம் ஆண்டு ஜனவரி 2 ஆம் திகதி பேர்த்ஷயர்ப் பகுதியிலுள்ள லிற்றில் வைற்ஃபீல்ட் என்னும் சிற்றூரிற் பிறந்தார். தந்தையார் கல்தச்சர், சிறிதளவு நிலமும் உடையவர். தொழிலின் பொருட்டு அவர் வீட்டை விட்டு வெளியூர்களில் தங்க வேண்டியிருந்தது. எனவே நிலத்தைக் கவனிக்கும் பொறுப்பு மகன்மீது விழுந்தது. 13 வயதளவில் குரோலின் பள்ளிப் படிப்பு முடிவுற்றது.

அதற்குச் சற்று முன்னர், 1832 இல், ‘பெனி மகசின்’ என்னும் மலிவுப் பதிப்புச் சஞ்சிகை அவர் கையிற் கிடைத்தது. பயனுள்ள அறிவைப் பரப்புவதற்கென அமைந்த கழகமொன்று அதனை வெளியிட்டது. அரசின் முத்திரை வரியை மறுத்து அக்காலத்தில் வெளிவந்த தீவிரவாத ஏடுகளிலிருந்து தொழிலாளரின் கவனத்தைத் திருப்புவதும் அக்கழகத்தாரின் உள்நோக்கங்களுள் ஒன்றெனச் சமூக வரலாற்றாசிரியர் பலர் கருதுவர். ஆயினும் ஓர் எழுத்து எந்நோக்கத்தோடு பரப்பப்படுகிறதோ அந்நோக்கத்தோடுதான் வாசிக்கப்படும் என்பதற்கு விதியில்லை. அச்சஞ்சிகை சிறுவனான குரோலை வாசிப்பின்பால் ஈர்த்தது. தொடர்ந்து பௌதிகவியல், வானியல் நூல்களை அவர் தேடிப் படித்தார். ஒரு விதியை விளங்கிக்கொள்ள அதற்கு முற்பட்ட விதியை அறிய வேண்டியிருந்தமையால், பின்னோக்கிப் பின்னோக்கிச் சென்று அடிப்படைகளைக் கற்க நேர்ந்ததென்றும், தனித்தனித் தகவல்களிலும் பொதுவிதிகளே தம்மைக் கவர்ந்தன என்றும் தன்வரலாற்றுக் குறிப்பில் அவர் கூறுகின்றார். அவரது பிற்கால ஆய்வுமுறையின் வித்து இங்கே இருப்பதைக் காணலாம்.

ஆனால் இவ்வித்து முளைப்பதற்கு ஏறத்தாழ மூன்று தசாப்தங்கள் சென்றன. 1837 இல் ஆலைத்தச்சுத் தொழில் பயிலச் சேர்ந்தார். அத்தொழிலாளர் ஊரூராய்ச் சென்று ஆலைப் பொறிகளைச் செப்பனிட்டு, கிடைத்த இடத்தில் உறங்கி வாழ்ந்தனர். பின்னர் மரவேலை செய்தார். முழங்கை நோய் அதனையும் கைவிடச் செய்தது. எல்ஜின் நகரில் தேயிலைக் கடை வைத்தார். உடல்நலம் குன்ற அதுவும் நின்றது. 1852 இல் பிளேர்கவுரியில் மதுபானம் விற்காத விடுதியொன்றை நடத்தினார். வாடிக்கையாளர் போதாமையால் அதனை மூட நேர்ந்தது. அடுத்துச் சில ஆண்டுகள் காப்புறுதி முகவராக அலைந்தார். முன்பின் அறியாதவரிடம் சென்று பேசி வணிகம் செய்வது அவரது இயல்புக்குச் சற்றும் ஒவ்வாததாயிருந்தது. 1857 இல் இறைக்கோட்பாடு பற்றிய மெய்யியல் நூலொன்றைப் பெயர் குறிப்பிடாது வெளியிட்டார். பின்னர் கிளாஸ்கோவில் மதுவிலக்குப் பிரசார ஏடொன்றிற் பணிபுரிந்தார்.

இவ்வாண்டுகளை வாழ்க்கை வரலாற்றாசிரியர்கள் பொதுவாக ‘சோதனைக் காலம்’ என விரைந்து கடந்து செல்வர். எமது கருத்தில் இங்குதான் சற்று நின்று நோக்க வேண்டும். முயற்சி, சிக்கனம், ஒழுக்கம், மதுவிலக்கு, வாசிப்பு ஆகிய அனைத்தும் குரோலிடம் 20 வயதிலேயே இருந்தன. அவை அவரை எங்கும் உயர்த்தவில்லை.

3

சாமுவேல் ஸ்மைல்ஸ் எழுதிய ‘தன்னுதவி’ என்னும் புகழ்பெற்ற நூல் 1859 இல் வெளிவந்தது. உழைப்பும் நற்பண்பும் உடைய எவரும் தம் முயற்சியாலே உயரலாம் என்பது அந்நூலின் சாரம். பின்னாளில் இதே ஆசிரியர், தாமே கற்ற ஸ்கொட்லாந்து இயற்கை ஆய்வாளர்களான தோமஸ் எட்வேட், றொபேட் டிக் ஆகியோரின் வாழ்க்கை வரலாறுகளையும் முறையே 1876 இலும் 1878 இலும் எழுதினார். ‘தானே கற்றவர்’ என்னும் கதைவடிவம் நிலைபெறுவதற்கு இவ்வகை நூல்கள் பெரிதும் காரணமாயின.

அதே 1859 ஆம் ஆண்டின் இலையுதிர் காலத்திலேதான், கிளாஸ்கோவின் அன்டர்சோனியன் கல்லூரியிலும் அதனோடு சேர்ந்த நூதனசாலையிலும் காவலும் துப்புரவும் பார்க்கும் வேலை குரோலுக்குக் கிடைத்தது. அப்போது அவருக்கு வயது 38. ஊதியம் சொற்பம். ஆனால் அதுவரை தாம் இருந்த இடங்களுள் தமக்கு மிகவும் ஒத்த இடம் அதுவே என அவர் பின்னர் குறிப்பிடுகின்றார். ஏனெனில் அங்கு கல்லூரியின் நூல்நிலையம் இருந்தது. கிளாஸ்கோ மெய்யியற் கழகத்தின் நூற்றொகுதியும் அதே கட்டடத்தில் இருந்தது. அன்றைய அறிவியற் சஞ்சிகைகள் அங்கு வந்துகொண்டிருந்தன. வேலைக்கிடையே வாசிக்க நேரமும் கிடைத்தது.

அந்நேரம் எவ்வாறு கிடைத்தது என்பதும் மனங்கொள்ளத்தக்கது. குரோலின் சகோதரர் டேவிட் அவரோடு வாழ்ந்து, காவலாளிக்குரிய வேலைகளிற் பங்கெடுத்துக்கொண்டார். ஒருவரது ஊதியத்துக்கு இருவர் உழைத்தமையாலேயே அவ்விருவருள் ஒருவர் சிந்திக்க முடிந்தது. அறிவியல் வரலாற்று நூல்களின் பெயரடைவில் டேவிட்டுக்கு இடமில்லை. ஆயினும், ‘தன்முயற்சி’ எனப் போற்றப்படுவதற்குள் பிறர் முயற்சி எவ்வளவு கலந்திருக்கின்றது என்பதற்கு இதனிலும் எளிய சான்று வேண்டியதில்லை.

கல்லூரியின் வரலாறும் ஈண்டுக் கருதத்தக்கது. கிளாஸ்கோ பல்கலைக்கழகப் பேராசிரியராயிருந்த ஜோன் அன்டர்சனின் இறுதிவிருப்பப்படி 1796 இல் அது நிறுவப்பட்டது. பல்கலைக்கழகத்தின் கதவு திறவாதவர்க்கும் பயனுள்ள அறிவை வழங்குவது அதன் நோக்கம். 1800 ஆம் ஆண்டளவில் ஜோர்ஜ் பேர்க்பெக் தொழிலாளர்க்கென அங்கு நிகழ்த்திய விரிவுரைகளே பிற்காலத் தொழிலாளர் கல்விநிலைய இயக்கத்துக்கு வழிகோலின. எனவே தொழிலாளியொருவர் அங்கு அறிவு பெற்றது தற்செயலன்று. அந்நிறுவனம் அதற்கெனவே எழுந்தது. ஆயின் குரோல் மாணவராக அதன் வாயிலில் நுழையவில்லை. வாயிலைக் காப்பவராகவே நுழைந்தார். பொதுமக்கள் கல்வி பற்றிய அக்காலத்து உறுதிமொழிக்கும் நடைமுறைக்கும் இடையிலான தூரம் இம்முரணில் வெளிப்படுகின்றது.

இரண்டாண்டுகளுக்குள், 1861 இல், மின்னியல் பற்றிய அவரது கட்டுரை ‘மெய்யியற் சஞ்சிகை’யில் வெளிவந்தது. 1864 ஓகஸ்ட் மாதத்தில் அதே சஞ்சிகையில், புவிச்சரிதக் காலங்களிற் காலநிலை மாறியதற்கான பௌதிகக் காரணம் பற்றிய கட்டுரை வந்தது. கடந்த இருபதாண்டு முயற்சி தராததை நூல்நிலையம் ஐந்தாண்டுகளில் தந்தது.

4

குரோலின் கொள்கையை அறியாது அவரது வாழ்வை மதிப்பிடுதல் இயலாது. ஐரோப்பாவின் பெரும்பகுதியை ஒருகாலத்தில் பனிக்கட்டி மூடியிருந்தது என்பதைப் புவிச்சரிதவியலாளர் அப்போது ஏற்கத் தொடங்கியிருந்தனர். அதற்குக் காரணம் யாது என்பதே வினா.

பூமி சூரியனைச் சுற்றும் பாதை முழுவட்டமன்று. அது ஒரு நீள்வட்டம். வட்டத்திலிருந்து அது விலகும் அளவை மையவகற்சி என்பர். இன்று அது ஏறத்தாழ 0.0167 ஆகும். அதனால் சூரியனுக்கு மிக அண்மையிலும் மிகச் சேய்மையிலும் பூமி இருக்கும் தூரங்களுக்கிடையிலான வேறுபாடு சுமார் 50 இலட்சம் கிலோமீற்றர். ஏனைய கோள்களின் ஈர்ப்பால் மையவகற்சி மெல்ல மெல்ல மாறி, சில காலங்களில் 0.06 அளவையும் எட்டும். அப்போது அவ்வேறுபாடு மூன்று மடங்குக்கும் மேலாகும். அத்தோடு பூமியின் அச்சு பம்பரம் போற் சுழன்று திசை மாறுவதால், எப்பருவத்தில் பூமி சூரியனுக்குச் சேய்மையில் இருக்கும் என்பதும் 20,000 ஆண்டுகளுக்குச் சற்று மேற்பட்ட சுற்றில் மாறிவரும். பிரெஞ்சு அறிஞர் அதெமார் 1842 இல் அச்சுச் சுழற்சியைப் பனிக்கட்டிக் காலத்தோடு தொடர்புபடுத்தியிருந்தார். ஆனால் ஓராண்டில் ஒரு கோளத்தின் வடபாதியும் தென்பாதியும் பெறும் மொத்த வெப்பம் இதனால் வேறுபடாது என்பது அக்கருத்துக்கு வலுவான மறுப்பாயிற்று.

குரோலின் தனித்துவம் இவ்விடத்திலேயே தோன்றுகின்றது. வானியற் காரணம் நேரடியாகப் பனிக்கட்டிக் காலத்தை உண்டாக்காது என்பதை அவர் ஒப்புக்கொண்டார். ஆயின் அது வேறு பௌதிகக் காரணங்களை இயக்கிவிடும் என்றார். மையவகற்சி மிகுந்த காலத்தில், குளிர்பருவத்திற் சூரியன் சேய்மையில் இருப்பின், மழையாக வேண்டியது உறைபனியாக விழும். வெண்பனி சூரிய ஒளியைத் திருப்பி அனுப்பும். அதனாற் குளிர் மிகும். மிகுந்த குளிர் மேலும் பனியைச் சேர்க்கும். குளிர்ந்த அரைக்கோளத்தில் வியாபாரக் காற்றுகள் வலுப்பெறும். அக்காற்றுகள் அயனமண்டலக் கடலின் வெந்நீரை மறு அரைக்கோளத்தை நோக்கித் தள்ளும். ஐரோப்பாவுக்கு வெப்பம் கொணரும் குடா நீரோட்டம் குன்றும். அதனாற் பனி மேலும் பெருகும். இவ்வாறு விளைவு தன் காரணத்தையே வலுப்படுத்தும். இன்று காலநிலை ஆய்வாளர் ‘பின்னூட்டம்’ என வழங்கும் கருத்து இதுவே. ஆர்க்டிக் கடற்பனி உருகுவதால் கருங்கடற்பரப்பு மேலும் வெப்பத்தை உறிஞ்சுகிறது என்று இன்று கூறப்படுவது, குரோல் கூறிய தொடர்பின் மறுதிசையேயாகும்.

இக்கொள்கைக்குக் கணிப்பு அடிப்படை வேண்டியிருந்தது. வானியலாளர் லெவெரியே வகுத்த சூத்திரங்களைக் கொண்டு, 30 இலட்சம் ஆண்டுகள் பின்னோக்கியும் 10 இலட்சம் ஆண்டுகள் முன்னோக்கியும் மையவகற்சியைக் குரோல் கணித்தார். கணிப்பொறி எதுவுமற்ற காலத்தில் கையாற் செய்யப்பட்ட வேலை இது. அதன்படி, இறுதிப் பனிக்கட்டிக் காலம் ஏறத்தாழ 240,000 ஆண்டுகளுக்கு முன் தொடங்கி 80,000 ஆண்டுகளுக்கு முன் முடிந்தது என அவர் முடிவுசெய்தார்.

வானியல், பௌதிகவியல், சமுத்திரவியல், புவிச்சரிதவியல் ஆகிய நான்கையும் ஒரே காரணச் சங்கிலியிற் கோத்த இம்முயற்சி, துறைசார் பயிற்சி பெற்ற ஒருவரால் அன்று எளிதில் மேற்கொள்ளப்பட்டிருக்குமா என்பது ஐயமே. எத்துறையும் தமக்கு உரியதல்லாமையால், எத்துறையின் வேலியும் குரோலைத் தடுக்கவில்லை.

5

கொள்கை அறிஞருலகின் கவனத்தை ஈர்த்தது. லையெல், டார்வின் முதலியோர் அவரோடு கடிதத் தொடர்பு கொண்டனர். 1869 இல் வெளிவந்த ‘உயிரினங்களின் தோற்றம்’ ஐந்தாம் பதிப்பில், நிலம் தேய்ந்து தாழும் வேகம் பற்றியும் பனிக்கட்டிக் காலம் பற்றியும் குரோலின் கருத்துகளை டார்வின் பயன்படுத்தினார். ஸ்கொட்லாந்துப் புவிச்சரிதவியல் அளவீட்டுப் பணியின் தலைவராயிருந்த ஆர்ச்சிபால்ட் கெய்க்கி, 1867 இல் எடின்பரோவிலுள்ள தம் அலுவலகத்தில் எழுத்துப்பணியோடு கூடிய பதவியொன்றை அவருக்குப் பெற்றுக்கொடுத்தார்.

அப்பதவிக்கான அரசாங்கப் பரீட்சையில் குரோல் சித்தியடையவில்லை என்பது குறிப்பிடத்தக்கது. அவர் தவறிய பாடங்களுள் எண்கணிதமும் ஒன்று. 40 இலட்சம் ஆண்டுகளுக்குக் கோளின் பாதையைக் கணித்தவர் எண்கணிதத்தில் தவறினார்! வெளியான அவரது ஆய்வுகளைக் கருத்திற்கொண்டே விதிவிலக்காகப் பதவி வழங்கப்பட்டது. இந்நிகழ்ச்சியை வேடிக்கையாகக் கூறுவர். ஆனால் பரீட்சை எதனை அளக்கிறது, எதனை அளக்கத் தவறுகிறது என்னும் வினா வேடிக்கையானதன்று. குரோலுக்குக் கெய்க்கி இருந்தார். விதிவிலக்குக் கேட்டுப் பேச ஒருவரும் இல்லாது அப்பரீட்சையோடு நின்றுபோனவர் எத்தனை பேர் என்பதை எந்த வாழ்க்கை வரலாறும் கூறாது.

1865 முதல் தீராத தலைநோய் அவரை வருத்தியது. நாளொன்றுக்குச் சிறிது நேரமே எழுத இயன்ற நிலையில், ‘காலநிலையும் காலமும்’ என்னும் பெருநூலை 1875 இல் வெளியிட்டார். அடுத்த ஆண்டில் இலண்டன் றோயல் கழகம் அவரைத் தன் உறுப்பினராகத் தெரிந்தது. சென்ற் அன்ட்றூஸ் பல்கலைக்கழகம் கௌரவப் பட்டம் வழங்கியது. ஆனால் 1880 இல் உடல்நலக் குறைவால் ஓய்வுபெற்றபோது, குறுகிய சேவைக்காலமும் தாழ்ந்த பதவியுமே ஓய்வூதியத்தை நிர்ணயித்தன. அதனை உயர்த்துமாறு அறிவியலாளர் விடுத்த வேண்டுகோள்கள் அரசிடம் எடுபடவில்லை. பட்டங்களை வழங்குவதில் தாராளமாயிருந்த சமூகம், ஓய்வூதியத்தில் அவ்வாறிருக்கவில்லை. 1890 டிசம்பர் 15 ஆம் திகதி பேர்த் நகரில் அவர் காலமானார். அதே ஆண்டில் வெளிவந்த அவரது கடைசி நூல், கூர்ப்புக் கொள்கையின் மெய்யியல் அடிப்படை பற்றியது. இளமையில் தொடங்கிய மெய்யியல் நாட்டத்துக்கே முடிவில் அவர் திரும்பினார்.

6

குரோலை மதிப்பிடும்போது அவரது கொள்கையின் குறைகளை மறைத்தல் நேர்மையாகாது. தொழிலாளி வர்க்கத்திலிருந்து வந்தவர் என்பதற்காக அவரது பிழைகளை மன்னித்தல், அவரை அறிவியலாளராக மதியாததற்கு ஒப்பாகும். முதலாவதாக, அவர் குளிர்பருவத்தையே முதன்மைப்படுத்தினார். பனி நிலைப்பதற்கு வெயிற்காலம் குளிர்ந்திருப்பதே முக்கியம் என்பது பின்னர் தெளிவாயிற்று. இரண்டாவதாக, வட, தென் அரைக்கோளங்களில் பனிக்கட்டிக் காலம் மாறிமாறி வரும் என்றார். அவை பெரும்பாலும் ஒருங்கே நிகழ்ந்தமையைச் சான்றுகள் காட்டுகின்றன. மூன்றாவதாக, இறுதிப் பனிக்கட்டிக் காலம் 80,000 ஆண்டுகளுக்கு முன் முடிந்தது என்றார். அது முடிந்து 12,000 ஆண்டுகளுக்கும் மேல் அதிகம் செல்லவில்லை. களச் சான்றுகள் இத்திகதிக்கு முரணாகப் பெருகவே, நூற்றாண்டின் இறுதியில் அவரது கொள்கை பெரும்பாலும் கைவிடப்பட்டது. பொதுவிதிகளின்மேற் கொண்ட நாட்டம் அவரது பலமாயிருந்தது போலவே, களத்தின் விவரங்களை இரண்டாம் இடத்தில் வைத்தது அவரது பலவீனமுமாயிற்று.

ஆனால் கைவிடப்பட்ட கொள்கை மறையவில்லை. சேர்பிய அறிஞர் மிலுட்டின் மிலன்கோவிச் வெயிற்கால வெப்பத்தை மையமாகக்கொண்டு அதனை மீளக் கட்டமைத்து, 1920 இலும் 1941 இலும் பெருநூல்களாக வெளியிட்டார். முதலாம் உலகப்போரின்போது எதிரிநாட்டுக் குடிமகனாகத் தடுத்துவைக்கப்பட்ட அவர், புடாபெஸ்ற் நகரிலுள்ள அறிவியல் அக்கடமியின் நூல்நிலையத்தைப் பயன்படுத்த அனுமதி பெற்று இவ்வாய்வைத் தொடர்ந்தார். காவலாளிக்கும் கைதிக்கும் கதவு திறந்தது நூல்நிலையமே என்பது கருதற்பாலது. பின்னர் 1976 இல், ஹேய்ஸ், இம்பிறி, ஷக்கிள்ரன் ஆகிய மூவரும் ஆழ்கடற் படிவுகளை ஆராய்ந்து, சுமார் 100,000, 41,000, 23,000 ஆண்டுகள் கொண்ட சுற்றுகள் அவற்றிற் பதிந்திருப்பதைக் காட்டினர். பூமியின் பாதை மாற்றமே பனிக்கட்டிக் காலங்களின் கதியை நிர்ணயிக்கிறது என்னும் அடிப்படைக் கருத்து, குரோல் இறந்து 86 ஆண்டுகளின் பின் உறுதிபெற்றது.

7

மேற்கூறியவற்றிலிருந்து பெறப்படும் முடிவு யாது? குரோலின் ஆற்றலைச் சமூக நிலைமைகளாக மட்டும் கரைத்துவிடல் பொருந்தாது. அன்டர்சோனியனில் அவருக்கு முன்னும் பின்னும் காவலாளிகள் இருந்தனர். லெவெரியேயின் சூத்திரங்களை அவர்கள் எடுத்துக் கணிக்கவில்லை. ஆற்றல் அவருடையதே. ஆனால் அவ்வாற்றலின் கருவிகள் அனைத்தும் சமூகத்தால் உருவாக்கப்பட்டவை. மலிவுச் சஞ்சிகை, தொழிலாளர் கல்விக்கென எழுந்த கல்லூரி, கழகத்தின் நூற்றொகுதி, பிரெஞ்சு வானியலாளரின் சூத்திரம், சகோதரரின் உடலுழைப்பு ஆகிய இவற்றுள் ஒன்று குறைந்திருப்பினும் 1864 ஆம் ஆண்டுக் கட்டுரை பிறந்திராது. அவ்வகையில் ‘தானே கற்றவர்’ என ஒருவர் இருத்தல் இயலாது. கற்பதற்குத் தாமே வழி தேட விடப்பட்டவர் என்பதே பொருத்தமான தொடர்.

இவ்வேறுபாடு சொல் பற்றியது மட்டுமன்று. முதற்றொடரை ஏற்றால், மேதை எங்கிருந்தும் எழுவான், ஆதலாற் சமூகம் செய்யவேண்டியது ஒன்றுமில்லை என்னும் முடிவுக்கு வருவோம். இரண்டாவதை ஏற்றால், ஆலைத்தச்சராகவும் தேயிலை வணிகராகவும் காப்புறுதி முகவராகவும் கழிந்த 22 ஆண்டுகளை ஓர் இழப்பாகக் காண்போம். அவ்விழப்பு குரோலுடையது மட்டுமன்று, அறிவியலினதும் ஆகும். 38 வயதிற் கிடைத்த நூல்நிலையம் 16 வயதிற் கிடைத்திருப்பின் அவரது கொள்கை பிழைகளின்றி அமைந்திருக்கும் எனக் கூற நாம் துணியோம். ஆயின் அப்பிழைகளைத் திருத்த அவருக்கே காலமும் உடல்வலுவும் இருந்திருக்கும்.

குரோல் பிறந்த இருநூறாவது ஆண்டு 2021 இல் நிறைவெய்தியது. அவரை நினைவுகூர்வோர் அவரது விடாமுயற்சியைப் போற்றுவது முறையே. அதனோடு, அக்கல்லூரியின் நூல்நிலையக் கதவு ஒரு காவலாளிக்குப் பூட்டப்படாதிருந்தது என்பதையும் நினைவுகூர வேண்டும். அறிவை மக்கள் உடைமையாகக் கருதும் எவரும் அவ்வாழ்விலிருந்து பெறவேண்டிய பாடம் வியப்பன்று. நூல்நிலையங்களைத் திறந்துவைக்கும் பொறுப்பேயாகும்.